பிரித்துப் பூட்டும் வரை ஓடும்: எழுபது வயது ஃபெர்குசன் டிராக்டரின் கதை

1957 அக்டோபர் 14. அண்டார்டிகாவின் ஸ்காட் தளத்திலிருந்து மூன்று டிராக்டர்கள் தென் துருவத்தை நோக்கிக் கிளம்பின. பனிக்காகவே தனியாக உருவாக்கிய வண்டிகள் அல்ல அவை. இங்கிலாந்திலும் நியூசிலாந்திலும் உருளைக்கிழங்கு வயல் உழுதுகொண்டிருந்த அதே சின்னஞ்சிறு ஃபெர்குசன் டிஇ-20 ரகம்தான். சக்கரங்களைச் சுற்றி இரும்புப் பட்டை மாட்டியிருந்தார்கள். ஓட்டுபவர் மேல் குளிர்காற்று படாமலிருக்கக் கித்தான் மறைப்பு கட்டியிருந்தார்கள். முன்னால் போன எட்மண்ட் ஹிலாரி எவரெஸ்ட்டில் ஏறி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

விவியன் ஃபுக்ஸ் தலைமையில் கண்டத்தைக் குறுக்காகக் கடந்து வரும் குழுவுக்கு, வழியில் உணவும் எரிபொருளும் சேர்த்து வைப்பதுதான் ஹிலாரிக்குக் கொடுத்த வேலை. அதை முடித்த பிறகும் அவர் திரும்பவில்லை. 1958 ஜனவரி 4 அன்று ஐந்து பேரும் மூன்று டிராக்டர்களும் தென் துருவத்தில் நின்றார்கள். 1912-இல் ஸ்காட் போய்ச் சேர்ந்த பிறகு தரைவழியே அங்கே எட்டியவர்கள் அவர்கள்தான். மோட்டார் வாகனத்தில் தரைவழியாக யாரும் துருவத்தைத் தொட்டதும் அதுவே முதல் தடவை. கூடவே புறப்பட்ட, பனிக்கென்றே செய்த வீசல் வண்டி பாதியில் கைவிடப்பட்டது. உழவு டிராக்டர்கள் போய்ச் சேர்ந்தன.

எப்படி முடிந்தது? அந்த இன்ஜினில் அப்படியொன்றும் அசுர பலம் இல்லை, முப்பது குதிரைத்திறனைக்கூடத் தொடாதது. ஆனால் குழுவில் இருந்த மர்ரே எல்லிஸும் ஜிம் பேட்ஸும் எதையும் திறந்து பார்த்துச் சரிசெய்யத் தெரிந்தவர்கள். திறந்து பார்க்க இடம் கொடுக்கும்படி அந்த டிராக்டரும் செய்யப்பட்டிருந்தது. இந்தக் குணம்தான் எழுபது ஆண்டு கழித்தும் அந்த வண்டிகளை ஓடவைத்துக்கொண்டிருக்கிறது. அயர்லாந்தின் கிராமங்களிலும் இங்கிலாந்தின் உழவுப் போட்டிகளிலும் இன்றைக்கும் அவற்றைப் பார்க்கலாம். அதே பரம்பரையில் வந்தவை தமிழ்நாட்டு வயல்களிலும் ஓடுகின்றன.

கவிழ்ந்த டிராக்டர்களும் ஒரு யோசனையும்

ஹாரி ஃபெர்குசன் 1884-இல் வட அயர்லாந்துப் பகுதியில், டவுன் மாவட்டத்தின் குரோவெல் என்ற ஊரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பண்ணை வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. மோட்டார் பிடித்தது. 1909 டிசம்பர் 31 அன்று, தானே செய்த விமானத்தில் ஏறி அயர்லாந்தின் முதல் விமானப் பறத்தலை நிகழ்த்தினார். முதல் உலகப் போர்க் காலத்தில் உணவு உற்பத்தியைக் கூட்ட வேண்டியிருந்தது. நாடெங்கும் டிராக்டர்கள் எப்படி உழுகின்றன என்று பார்த்துத் திருத்தும் பொறுப்பை 1917-இல் அரசின் வேளாண் துறை அவரிடம் கொடுத்தது. வில்லி சாண்ட்ஸ் என்ற கெட்டிக்கார மெக்கானிக்கோடு ஊர் ஊராகப் போனார்.

அவர் கண்ட காட்சி அச்சமூட்டுவது. அன்றைய டிராக்டர், மாட்டுக்குப் பதிலாக நுகத்தடியில் கட்டிய இரும்பு என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. பின்னால் சங்கிலியோ கம்பியோ கொண்டு கலப்பையை இழுக்கும். மண்ணுக்குள் பாறையிலோ வேரிலோ கலப்பை மாட்டிக்கொண்டால், மாடாக இருந்தால் நின்றுவிடும். டிராக்டர் நிற்காது. பின்சக்கரம் அசையாமல் போக, இன்ஜின் தன் விசையாலேயே முன்பக்கத்தைத் தூக்கிவிடும். கண்மூடித் திறப்பதற்குள் வண்டி பின்னால் மல்லாந்து விழும், ஓட்டுபவர் அடியில் சிக்குவார். ஃபோர்ட்சன் டிராக்டர்களில் இப்படிப் பல உயிர்கள் போயின. வழுக்காமலிருக்க டிராக்டரின் எடையைக் கூட்டினார்கள். எடை கூடக் கூட மண் இறுகியது, எரிபொருள் செலவும் ஏறியது.

கலப்பையை இழுப்பதை விட்டுவிட்டு டிராக்டரின் உடம்போடு சேர்த்துவிட்டால் என்ன என்பதுதான் ஃபெர்குசனின் யோசனை. கீழே இரண்டு கைகள், மேலே ஒன்று. இன்று உலகில் எந்த டிராக்டரின் பின்பக்கம் பார்த்தாலும் தெரியும் மூன்று புள்ளி இணைப்பு இதுதான். நம் டிரைவர்கள் லோயர் லிங்க், டாப் லிங்க் என்று அன்றாடம் சொல்வதும் இவற்றைத்தான்.

நுட்பம் மேலே இருக்கும் அந்த ஒற்றைக் கையில் இருக்கிறது. கொழு மண்ணைக் கிழிக்கும்போது கலப்பை முன்பக்கமாகச் சாய முயலும். அந்த அழுத்தம் டாப் லிங்க் வழியாக டிராக்டரின் முன்பக்கத்தைக் கீழே அமுக்கும். ஆகவே தடை கூடும்போது முன்சக்கரம் மேலே எழாமல் தரையில் இன்னும் அழுந்தும். அதே டாப் லிங்க் ஒரு ஸ்பிரிங்கை அழுத்துகிறது. ஸ்பிரிங் ஹைட்ராலிக் வால்வை அசைக்கிறது. மண் கடினமானால் கலப்பை கொஞ்சம் மேலே எழும், இளகினால் கீழே இறங்கும். கலப்பையின் எடையும் அது கிளறும் மண்ணின் எடையும் பின்சக்கரத்தின் மேல் ஏறுவதால் ஒரு டன்னைச் சற்றே தாண்டும் சின்ன வண்டியும் வழுக்காமல் உழுகிறது. 1920-களின் நடுவில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1933-இல் முதல் மாதிரியைச் செய்து கறுப்பு வண்ணம் பூசினார். அந்தக் ‘கறுப்பு டிராக்டர்’ லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

ஒரு கைகுலுக்கல்

1938 அக்டோபரில் அமெரிக்காவின் டியர்பார்னில், ஹென்றி ஃபோர்டின் வீட்டருகே ஃபெர்குசன் தன் டிராக்டரை உழுது காட்டினார். ஒரு மேசையில் சின்ன மாதிரி ஒன்றை வைத்து வேலை செய்யும் விதத்தையும் விளக்கினார். ஃபோர்ட் உடனே கூட்டுச் சேர ஒப்புக்கொண்டார். எழுத்தில் ஒரு வரியும் கிடையாது. இருவரும் கைகுலுக்கினார்கள், அவ்வளவுதான். 1939 ஜூன் 29 அன்று ஃபோர்ட் 9என் வெளிவந்தது. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் அதை ஓட்டி உழுது காட்டினான். பிறகு ஃபோர்டின் பேரன் பொறுப்புக்கு வந்ததும் உறவு முறிந்தது. அதே ஹைட்ராலிக் முறையோடு ஃபோர்ட் 8என் தனியாக விற்பனைக்கு வந்தது. ஃபெர்குசன் 25.1 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1952-இல் 92.5 லட்சம் டாலரில் சமரசம் ஆனது. வாயால் செய்த ஒப்பந்தம் இப்படித்தான் முடிந்தது.

அதற்குள் அவருடைய சொந்த டிராக்டர் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஓடத் தொடங்கியிருந்தது. 1946 முதல் பேனர் லேன் ஆலையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி அதைத் தயாரித்தது. சாம்பல் நிறத்தால் ஊரார் அதை ‘கிரே ஃபெர்கி’ என்று கூப்பிட்டார்கள். 1956 வரை 5,17,651 வண்டிகள் வெளிவந்தன. அந்த இன்ஜினின் குடும்பம்தான் ஸ்டாண்டர்ட் வான்கார்ட் காரிலும் டிரையம்ஃப் டிஆர்-2 ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. வயலில் உழுவதும் சாலையில் பறப்பதும் ஒரே வார்ப்பிலிருந்து வந்தவை என்பதை இன்றைக்கும் அந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

1953-இல் கனடாவின் மாஸி-ஹாரிஸ் நிறுவனத்தோடு ஃபெர்குசன் இணைந்தது. விலையில் பத்து லட்சம் டாலர் வித்தியாசம் வந்தபோது நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். ஃபெர்குசன் தோற்றார், சலனமில்லாமல் ஏற்றுக்கொண்டார். மாஸி ஃபெர்குசன் என்ற பெயர் 1958-இல் வந்தது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஒரு டிஇ-20 இன்று விலைக்கு வந்தால் அனுபவசாலிகள் பெயின்டைப் பார்ப்பதில்லை, ஆயிலைப் பார்க்கிறார்கள். கியர்பாக்ஸ், பின் ஆக்சில், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். வருடக்கணக்கில் வெட்டவெளியில் நின்ற வண்டியில் கியர் லீவரின் அடிப்பகுதி வழியாக மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும். டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வரும். அப்படி வந்தால் பம்ப்பும் பேரிங்கும் துருப்பிடித்திருக்கலாம், பேரம் அங்கிருந்து தொடங்கும். அடுத்து பிரேக். ஆக்சில் சீல் கசிந்தால் ஆயில் நேராக பிரேக் லைனிங்கில் ஏறும். வண்டி நிற்காது. லைனிங் மட்டும் புதிதாக மாற்றிவிட்டு சீலை விட்டுவைத்தால் அடுத்த பருவத்தில் மறுபடியும் அதே கதை.

இன்ஜினைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். சிலிண்டர் லைனர்கள் தனியாகக் கழற்றி மாற்றக்கூடியவை. பழைய பிஸ்டன், ரிங், லைனர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதுசு போட்டு, இன்ஜினை வண்டியிலிருந்து இறக்காமலே புத்துயிர் கொடுக்கலாம். ஆனால் பிளாக் வெடித்திருந்தால் கஷ்டம். குளிர்நாட்டில் ரேடியேட்டர் தண்ணீரை வடிக்காமல் விட்டுவிட்டு, உறைந்த பனி இரும்பைப் பிளந்த சோகக் கதைகள் அங்கே ஏராளம். பின் டயருக்குள் எடைக்காக அடைத்த தண்ணீரிலும் இதே ஆபத்து உண்டு. அது உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். வால்வு ஓரம் கசிகிற அந்த உப்புநீர் சில ஆண்டுகளில் ரிம்மை அரித்துத் தின்றுவிடும். பளபளக்கும் புது டயருக்குள் ஓட்டை ரிம் இருக்கலாம்.

எரிபொருளிலும் வகை உண்டு. போருக்குப் பின் பிரிட்டனில் பெட்ரோல் விலை உயர்ந்திருந்ததால் 1949-இல் டிவிஓ என்ற மலிவான, மண்ணெண்ணெயைச் சேர்ந்த எரிபொருளில் ஓடும் ரகம் வந்தது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, நன்றாகச் சூடானதும் டிவிஓவுக்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு வர வேண்டும். அவசரப்பட்டால் எரியாத எரிபொருள் சிலிண்டர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். 1951-இல் டீசல் ரகமும் வந்தது.

மராமத்தில் பெரிய வேலை கிளட்ச் மாற்றுவது. இந்த வண்டிக்குத் தனிச் சட்டகம் கிடையாது. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றும் போல்ட்டால் இணைந்து அவையே முதுகெலும்பாக நிற்கின்றன. கிளட்சை அடைய டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். நம் ஊர் மெக்கானிக்குகளும் இதே வேலையை ‘வண்டியைப் பிரிக்கிறது’ என்றுதான் சொல்வார்கள். முன்பாதிக்கு ஜாக்கி, பின்பாதிக்கு முட்டுக்கட்டை, முன் ஆக்சில் ஆடாமலிருக்க மரச்சக்கை. இதைச் சரியாகக் கொடுத்தால் இரண்டு பேர் ஒரு பகலில் பிரித்துவிடலாம். சேர்க்கும்போதுதான் பொறுமை சோதிக்கப்படும். ஸ்பிளைன் பற்கள் பொருந்தவில்லையென்று போல்ட்டை வைத்து இழுத்து நெருக்கினால் விலையுயர்ந்த தவறாகிவிடும். கையால் ஃப்ளைவீலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பொருத்துவதே முறை.

அன்று டிராக்டரோடு ஒரு ஸ்பானரும் கொடுத்தார்கள். வண்டியிலும் கலப்பையிலும் உள்ள பெரும்பாலான நட்டுகளுக்கு அது பொருந்தும். அதன் மேல் அங்குல அளவு பொறித்திருக்கும், கலப்பையின் அகலத்தைச் சரிபார்க்க அதுவே அளவுகோல். முதலிலேயே விவசாயிக்கு எது கையில் இருக்கும் என்று யோசித்துச் செய்த பொறியாளரின் மரியாதை அதில் தெரிகிறது. அசல் ஃபெர்குசன் ஸ்பானரைத் தேடி அலைபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஓட்டுவது வேறு கலை

டிஇ-20-ஐ ஸ்டார்ட் செய்ய சாவி மட்டும் போதாது. கியர் லீவரை ‘எஸ்’ என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுழலும். கியரில் இருக்கும் வண்டி எதிர்பாராமல் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. கால் ஆக்சிலரேட்டர் கிடையாது, ஸ்டியரிங் அருகில் உள்ள கை லீவர்தான். நான்கு முன்கியர், ஒரு ரிவர்ஸ். ஓடும்போது கியர் மாற்றும் வழக்கத்தை மறந்துவிட வேண்டும். வேலைக்குத் தகுந்த கியரை நின்ற இடத்திலேயே தேர்ந்தெடுத்து, அந்தச் சால் முடியும் வரை அதிலேயே போக வேண்டும்.

புதிதாக ஓட்டுபவரைத் திகைக்க வைப்பது லிஃப்ட். ஹைட்ராலிக் பம்ப் கியர்பாக்ஸ் வழியாகச் சுழல்வதால் கிளட்சை மிதித்தால் லிஃப்ட்டும் நின்றுவிடும். வரப்போரம் திரும்பும்போது கலப்பையை முன்னமே தூக்கிவிட்டுத்தான் கிளட்சில் கால் வைக்க வேண்டும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1956-இல் வந்த ஃபெர்குசன் 35-இல் இரட்டை கிளட்ச் கொடுத்தார்கள்.

பழைய டிராக்டரைக் காதலிப்பவர்களும் உரக்கச் சொல்ல வேண்டிய ஓர் உண்மை: இவை உயிரைக் குடிக்கக்கூடியவை. ஃபெர்குசனின் கண்டுபிடிப்பு கவிழ்வதைத் தடுப்பது, கலப்பை மூன்று புள்ளியிலும் பூட்டியிருக்கும்போதுதான். சேற்றில் சிக்கிய லாரியை இழுக்கவோ மரக்கட்டையை நகர்த்தவோ டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலி கட்டினால், 1917-இல் அவர் கண்ட அதே விபத்து இன்றும் நடக்கும். இழுப்பதை எப்போதும் கீழே, பின் ஆக்சிலுக்கும் கீழான டிராபாரிலேயே கட்ட வேண்டும். இன்னொன்று, சாலையில் இடது, வலது பிரேக்குகள் தனித்தனியாகப் பிடிக்கும் டிராக்டர் ஒரே பக்கமாகச் சுழன்று கவிழலாம். இரண்டையும் சேர்த்துப் பூட்ட வசதியுள்ள ரகத்தில் சாலையில் ஏறுமுன் பூட்டிவிட வேண்டும். சுவீடன் 1959-லேயே புது டிராக்டர்களுக்குக் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. பிரிட்டன் 1970-இல் வழிக்கு வந்தது. பழைய வண்டியின் அழகு கெட்டுவிடும் என்று அதைப் பொருத்தத் தயங்குபவர்கள் உண்டு. சரிவில் உழைக்கும் வண்டிக்கு அந்த இரும்பு வளைவு கட்டாயம் வேண்டும், அழகு பிறகுதான்.

செம்பியத்தின் சிவப்பு

ஃபெர்குசன் 35-க்கு முதலில் போட்ட நான்கு சிலிண்டர் ஸ்டாண்டர்ட் டீசல் இன்ஜின் குளிரில் ஸ்டார்ட் ஆகாமல் விவசாயிகளை அலைக்கழித்தது. 1959-இன் இறுதியில் பெர்கின்ஸின் மூன்று சிலிண்டர் இன்ஜின் வந்ததும் எல்லாம் மாறியது. அந்தக் கலவைதான், மாஸி ஃபெர்குசன் வண்டியும் பெர்கின்ஸ் வழி வந்த மூன்று சிலிண்டர் இன்ஜினும், சென்னைக்கு வந்து சேர்ந்தது.

எஸ். அனந்தராமகிருஷ்ணன் வளர்த்த அமால்கமேஷன்ஸ் குழுமம், மாஸி ஃபெர்குசனுடன் கூட்டுச் சேர்ந்து 1960-இல் டாஃபே நிறுவனத்தைத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஃபரிதாபாத்தில் ஐஷர் இந்தியாவின் முதல் டிராக்டரைச் செய்திருந்தது. சென்னை செம்பியத்தில் எம்எஃப் 1035 பிறந்தது. இன்ஜினை அதே குழுமத்தின் சிம்ப்சன் நிறுவனம் பெர்கின்ஸ் தொழில்நுட்பத்தில் செய்தது. கோவென்ட்ரியில் எம்எஃப் 35 நின்று, அதன் வாரிசான 135-உம் நின்று பல பத்தாண்டுகள் ஆன பிறகும் 1035-இன் வழி வந்தவை இங்கே உழுதுகொண்டிருந்தன.

நம் மண்ணில் அந்த இயந்திரத்துக்கு வந்த சோதனை வேறு. காவிரிப் படுகையில் நடவுக்கு முன் தொழியில் இறங்கி, கேஜ் வீல் மாட்டிச் சேறடிக்கும்போது முன் ஹப் வரை சேறு ஏறும். சீல் தேய்ந்திருந்தால் சேறு பேரிங்குக்குள் போகும். கோயம்புத்தூர்ப் பக்கம் புழுதி உழவில் தூசிதான் எதிரி. அங்கே இன்ஜினைக் காப்பது ஆயில் பாத் ஏர் கிளீனர், அடியில் உள்ள கிண்ணத்தில் ஆயில் நிறைந்த வடிகட்டி. உழவுக் காலத்தில் அந்தக் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் படிந்த கருங்குழம்பைக் கொட்டி, புது ஆயில் ஊற்றுவதை அன்றாட வேலையாக்கியவர்களின் இன்ஜின்தான் நீண்ட நாள் நிற்கிறது. களத்தில் கதிரடிக்கும்போது தூசும் சருகும் ரேடியேட்டரை மூடிவிடும். அதைத் தட்டிவிடாமல் ஓட்டினால் அன்று மாலையே ஹெட் கேஸ்கெட் கதை முடிந்துவிடலாம்.

டீசல் தீர்ந்து வண்டி நடுவயலில் நின்றால் ‘ஏர் எடுக்கத்’ தெரியாதவர் டிராக்டர் வைத்திருக்க முடியாது. டேங்கில் டீசல் ஊற்றினால் மட்டும் போதாது, பைப்புக்குள் காற்று அடைத்துக்கொண்டிருக்கும். ஃபில்டரின் மேல் உள்ள திருகைத் தளர்த்தி, கை பம்ப்பை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வழியும்வரை விட்டு, திருகை இறுக்க வேண்டும். பிறகு பம்ப் பக்கம், கடைசியில் நாசில் பைப் நட்டுகள். நாசிலுக்கு வருவதற்கு முன்பே ஸ்டார்ட்டரை அழுத்தி அழுத்திப் பேட்டரியைத் தீர்ப்பவர்கள் நிறைய. வரிசை தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை.

பிரிட்டனில் பழைய டிராக்டர் என்பது பொழுதுபோக்கு, பாரம்பரியம், கண்காட்சி. ஃபெர்குசன் ஆர்வலர் சங்கங்கள் உண்டு, குரோவெல்லில் அவருக்கு நினைவுத் தோட்டமும் உண்டு. 2007-இல் அயர்லாந்தின் லவுத் மாவட்டத்தில் 4,572 பழைய டிராக்டர்கள் ஒரே நேரத்தில் உழுது சாதனை படைத்தன. நம்மிடம் பழைய 1035 பெரும்பாலும் கண்காட்சிக்கு நிற்பதில்லை. புது டிராக்டர் உழவுக்குப் போக, இது தண்ணீர் டேங்கர் இழுக்கிறது, கரும்பு ஏற்றுகிறது, பம்ப்செட்டைச் சுழற்றுகிறது. பெயின்ட் போன இடத்தில் கையால் பூசிய வேறு சிவப்பு. அசல் நிறம் மாறாமல் பூட்டிவைத்த வண்டியைவிட இப்படி உழைத்துக்கொண்டிருப்பதற்கே கூடுதல் மதிப்புக் கொடுக்கத் தோன்றுகிறது. ஃபெர்குசன் அதை அருங்காட்சியகத்துக்காகச் செய்யவில்லை.

பூட்டிய மென்பொருள்

அமெரிக்காவில் சில ஆண்டுகளாகப் பழைய டிராக்டர்களுக்கு ஏலத்தில் நல்ல விலை. காரணம் ஏக்கம் மட்டுமல்ல. நவீன டிராக்டரில் ஒரு சென்சார் பழுதானாலும், கம்பெனியின் மென்பொருள் இல்லாமல் பிழையை நீக்க முடியாமல் அறுவடை நேரத்தில் விவசாயி காத்திருக்க நேர்கிறது. சொந்த வண்டியைத் தானே பழுதுபார்க்கும் உரிமை வேண்டும் என்ற போராட்டம் அங்கே வலுத்தது. 2023-இல் கொலராடோ மாநிலம் விவசாயக் கருவிகளுக்கென்றே அந்த உரிமையைச் சட்டமாக்கியது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் இதே பிரச்சினையில் ஜான் டீர் நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்தது. நாற்பது, ஐம்பது வருட வண்டியைத் தேடி வாங்குபவர் கேட்பது எளிய விஷயம்: காசு கொடுத்து வாங்கியதைத் திறந்து பார்க்கும் உரிமை.

பேனர் லேன் ஆலை 2002-இல் மூடப்பட்டது. முப்பது லட்சத்துக்கும் மேல் டிராக்டர் செய்த இடம் அது. இங்கே, 2025-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, இந்தியாவில் மாஸி ஃபெர்குசன் என்ற பெயரின் உரிமையே டாஃபேயிடம் வந்தது. உதிரிபாகங்களும் திசை மாறிப் பயணிக்கின்றன. கோவென்ட்ரி வண்டிகளுக்கு இன்று பிரிட்டனில் விற்கும் பிஸ்டன், லைனர், ஹைட்ராலிக் பம்ப் பாகங்களில் கணிசமானவை இந்தியாவில் செய்தவை. எல்லாமே ஒரே தரமில்லை. அளவில் நூலிழை பிசகினாலும் கசியும் பாகங்கள் வருவதுண்டு. அதனால் அங்குள்ள அனுபவசாலிகள் புதியதைப் பூட்டி ஒரு பருவம் ஓட்டிப் பார்க்கும் வரை பழையதை ஆயில் தடவிக் காகிதத்தில் சுற்றி அலமாரியிலேயே வைத்திருக்கிறார்கள்.